அரிவாள் மாதம்

சமையலறை மேசையில் விரித்த வரைபடம் சுருண்டுகொள்ளாமலிருக்க, அதன் முனைகளில் பாரம் வைக்க வேண்டியிருந்தது. ஒரு முனையில் உப்புச் சாடி. அடுத்ததில் சர்க்கரைக் கிண்ணம். மூன்றாவதில் தங்கை ஹெத்விகாவின் மூக்குக் கண்ணாடிக் கூடு. நான்காவது முனையில், கடலுக்கு நடுவே குரோவாசியாவின் லாஸ்தோவோ தீவு இருக்கும் இடத்தில், லுபோர் எந்தப் பொருளையும் வைக்கவில்லை. தம் இடக்கையை வைத்திருந்தார். கையை எடுத்தால் தீவு சுருண்டு மறைந்துவிடும்.

செக் நாட்டின் பிர்னோ நகரில் ஜூலை மாதம் தொடங்கியிருந்தது. பள்ளிகளை மூடிவிட்டார்கள். பாதித் தெரு, கார்க் கூரையில் மிதிவண்டிகளைக் கட்டிக்கொண்டு, தெற்கே கடலை நோக்கிக் கிளம்பிப் போய்விட்டது. லுபோருக்கு அந்த அவசரம் இல்லை. அவருடைய மகள் மிர்தாவின் திருமணம் ஆகஸ்டு மாதம், இரண்டாம் சனிக்கிழமை. போவதற்கு நாள் நிறைய இருந்தது. அவருக்கு இருந்தது அவசரமன்று, அச்சம்.

"வியன்னா வழியா நேரா நெடுஞ்சாலையப் பிடிச்சா ராத்திரிக்குள்ள ஸ்ப்லித் துறைமுகம்," என்றாள் ஹெத்விகா. அடுப்பருகே நின்று உருளைக்கிழங்கின் தோலைச் சீவிக்கொண்டிருந்தாள். "அங்க ஒரே ஒரு படகு. கார ஏத்தினா தீவுல இறங்கிடலாம். ஊர்ல எல்லாரும் அப்படித்தான் போறாங்க. நீ என்னமோ கடலுக்குத் தையல் போடற மாதிரி உள்ளயும் வெளியயும் போயிட்டு வரேங்கற."

"எட்டுப் படகு," என்றார் லுபோர். "அவ எட்டுப் படகுன்னு சொன்னா."

"எந்த வயசுல சொன்னா?"

லுபோர் சர்க்கரைக் கிண்ணத்தைச் சற்றே நகர்த்தி வைத்தார்.

மிர்தாவுக்கு ஆறு வயதிருக்கும்போது காய்ச்சல் வந்து படுத்திருந்தாள். அன்று இதே வரைபடத்தைக் கட்டிலின்மேல் விரித்து, அம்மாவின் ஊருக்கு எப்படிப் போகலாம் என்று லுபோர் ஒரு வழி போட்டுக் காட்டினார். நெடுஞ்சாலை வேண்டாம். கரையை ஒட்டிய பழைய சாலையில் போய், ப்ரெஸ்தோவாத் துறையில் முதல் படகு. ஒரு தீவு. அங்கிருந்து க்ர்க் தீவு. க்ர்க்கிலிருந்து ராப். ராப்பிலிருந்து மீண்டும் கரை. கரையிலிருந்து பாக். பிறகு பாலம், கரைச்சாலை, நீண்ட தீபகற்பம், கோர்ச்சுலா, கடைசியில் லாஸ்தோவோ. குழந்தை ஒவ்வொரு படகுக்கும் ஒரு விரலை மடக்கியது. இரண்டு விரல்கள் மீந்தன. "இது ரெண்டும் எதுக்கு?" என்று கேட்டது. "அடுத்த கோடைக்கு," என்றார் அவர்.

அடுத்த கோடை வருவதற்குள் அவருடைய மனைவி வீன்கா குழந்தையை அழைத்துக்கொண்டு தன் தீவுக்குத் திரும்பிவிட்டாள். அந்த மணமுறிவுக்குக் காரணங்கள் பல. அவற்றில் எதுவும் இப்போது யாருக்கும் பயன்படாது. மகளை அவர் இழந்தது மணமுறிவினால் அன்று. அதற்குப் பின் வந்த ஞாயிற்றுக்கிழமைகளினால்.

ஞாயிறுதோறும் குழந்தை தொலைபேசியில் வரும். "அப்பா, நேத்து நான் கடல்ல நீஞ்சினேன், அடியில நட்சத்திர மீனு!" என்று மூச்சு வாங்கச் சொல்லும். செக் மொழிச் சொல்லில் தீவு மொழியின் விகுதி ஒட்டியிருக்கும். லுபோர் மொழியாசிரியர். பிழையைக் கேட்டுக்கொண்டு சும்மா இருப்பது, காலில் முள் தைத்திருக்க நடந்து போவதைப் போன்றது அவருக்கு. நிறுத்துவார். திருத்துவார். மீண்டும் சொல்ல வைப்பார். மூன்றாம் முறை சொல்லும்போது வாக்கியம் பிழையின்றி இருக்கும்; நட்சத்திர மீன் அதில் இருக்காது. 'ஆம்', 'இல்லை' என்னும் சொற்களில் எவராலும் பிழை செய்ய முடியாது என்பதைக் குழந்தை விரைவில் கண்டுகொண்டது. சில மாதங்கள் அவ்விரு சொற்களை வைத்தே பேச்சை நடத்தியது. பிறகு அழைப்பு நின்றது. பிறகு ஆண்டுகள் போயின.

இந்த வசந்தத்தில், செர்ரி மரங்கள் பூத்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, தொலைபேசி ஒலித்தது. முதலில் அவருக்குக் குரல் தெரியவில்லை. வளர்ந்த பெண்ணின் குரல். குரோவாசிய மொழியில், ஒவ்வொரு சொல்லையும் துடைத்துத் துடைத்து வைப்பதுபோல் பேசிற்று.

"அப்பா, நான் மிர்தா. எனக்குக் கல்யாணம். ஸ்ர்பான் மாசம், ரெண்டாவது சனிக்கிழமை. பத்திரிகை எல்லாம் அடிக்கல, இங்க எல்லாருக்கும் தெரியும். நீங்கதான் என் கையப் பிடிச்சுக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போகணும். வருவீங்களா?"

வருவேன் என்றார்.

"எல்லாப் படகையும் பிடிச்சு வாங்க," என்றாள். சிரித்தாளா அழுதாளா என்று அவரால் பிரித்தறிய முடியவில்லை. "கடைசிப் படகுத் துறையில நான் நிக்கறேன்."

அந்த உரையாடலில் ஓரிடத்தில் அவள் தீவுப் பேச்சு வழக்கில் வேற்றுமை உருபை மாற்றிச் சொன்னாள். லுபோர் நாக்கைப் பற்களுக்கிடையே வைத்துக் கடித்துக்கொண்டார். வாயில் இரத்தம் கரித்தது. தொலைபேசியை வைத்த பிறகு ஒரு முடிவுக்கு வந்தார்: கடைசிப் படகில் ஏறும்வரை அவளைத் தாமாக அழைக்கக் கூடாது. அழைத்தால் பேச வேண்டும். பேசினால் அவள் பிழை செய்வாள். செய்தால் தாம் திருத்துவோம். தம்மைப் பற்றி அவருக்கு இருந்த நம்பிக்கை அவ்வளவுதான்.

"கேட்டியா, இந்த அநியாயத்த?" என்று இப்போது அவர் சீறினார். படகு நிறுவனத்தின் அறிவிப்பைச் செக் மொழியில் பெயர்த்துப் போட்டிருந்தார்கள். "'வாகனங்கள் புறப்படுமுன் தங்களை வரிசையில் காண்பிக்கிறது.' எழுவாய் பன்மை, பயனிலை ஒருமை. ஒரு வாகனமா, பல வாகனமா? எத நம்பிக் கிளம்பறது? கடலையே கடக்கறவனுக்கு ஒரு வாக்கியத்தக் கடக்கத் தெரியல."

"படகு மிதந்தா போதும் அண்ணா. வாக்கியம் முழுகினா முழுகட்டும்."

"மிதக்காது. ராப் தீவுக்குப் போற படகு ஒரு நாளைக்குச் சில தடவதான். அத விட்டா மறுநாள். பாக் தீவுக்குப் போறதுல, மலையிலேர்ந்து இறங்கற 'பூரா'ங்கற காத்து அடிச்சா படகே கிடையாது, காத்து நிக்கறவரைக்கும் கரையில காத்துக் கிடக்கணும். அதுக்கு ஒரு நாள் உபரி வேணும். கோர்ச்சுலாவுல கடைசிப் படகுக்கு இன்னொரு நாள் உபரி. ஒண்ணு தவறினா எல்லாம் தவறும்."

"சரி, சாப்பாட்டுக்கு என்ன உபரி? மாமிசம் எவ்வளவு பொரிக்கட்டும்? ஈரல் பேஸ்ட் டப்பா ஒரு பெட்டி எடுத்துக்கலாமா?"

"கல்யாணத்துக்குப் போறவங்க டப்பா தூக்கிட்டா போவாங்க? அவ மாமன் குஸ்மாவுக்கு அது போதும். செக்காரங்களப் பார்த்தாலே 'டப்பாக்காரங்க வந்தாச்சு'ன்னு கத்தற ஆளு."

"கத்தட்டும். பசிச்சா அவன்தான் முதல்ல திறப்பான்."

சிரிக்க முயன்றார். சிரிப்பு வரவில்லை. இரவுகளில் அவருக்கு ஒரே எண்ணம்தான்: துறையில் அவள் நிற்கிறாள், கார் படகிலிருந்து இறங்குகிறது, கதவைத் திறக்கிறார், அவள் வாய் திறக்கிறாள், அதில் ஒரு பிழை இருக்கிறது. அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்பதை அவரால் எண்ணிப் பார்க்க இயலவில்லை. படகுகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்து வழியை நீட்டிக்கொண்டே போனதற்கு மகளின் சொல் மட்டும் காரணமன்று என்பதை ஹெத்விகா அறிந்திருந்தாள். சொல்லவில்லை.

வேறொன்றைச் சொன்னாள். உருளைக்கிழங்குத் தோலை வாரிக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு, ஈரக் கையோடு வந்து நின்றாள்.

"அண்ணா, அவ சொன்ன வார்த்தை என்ன? ஸ்ர்பானா?"

"ஆமா."

"நம்ம மாசம் ஸ்ர்பென். ஒரு எழுத்து மாறுதே. ரெண்டும் ஒண்ணுதானா? ஒரு தடவ கூப்பிட்டுக் கேட்டுடேன்."

லுபோர் கண்ணாடியைக் கழற்றினார். வகுப்பில் அவர் கண்ணாடியைக் கழற்றினால் கடைசி வரிசைவரை மூச்சடங்கிப் போகும்.

"ஸ்ர்ப்னா என்ன?"

"அரிவாள்."

"உயிரெழுத்தே இல்லாத சொல். ஆயிரம் வருஷமா அதுல ஒரு எழுத்து தேயல. இங்கயும் ஸ்ர்ப், அங்கயும் ஸ்ர்ப். கதிரறுக்க அரிவாள் எடுக்கற மாசம் ஸ்ர்பென், அதாவது ஆகஸ்டு. அவங்க விகுதியில கொஞ்சம் இழுப்பாங்க, ஸ்ர்பான். ஒரே வேர், ஒரே பொருள். ஸ்லாவ் மொழிகள் எல்லாம் ஒரு வீட்டுப் பிள்ளைங்க ஹெத்விகா. வாழ்நாள் முழுக்க இதச் சொல்லிக் குடுத்தவன் நான். என் மக சொன்ன மாசம் எனக்குப் புரியலேன்னு அவகிட்டயே போய்க் கேக்கச் சொல்றியா?"

"அந்தத் தீவுல கோதுமையே கிடையாது. அரிவாள வெச்சு என்ன பண்றாங்களோ."

"விளையாடாதே."

"வீன்கா என்ன சொல்லுவா? அவளும் ஸ்ர்பான்னுதான் சொல்லுவாளா?"

"வீன்கா மாசத்துக்குப் பேர் சொல்லி நான் கேட்டதே இல்ல. 'ஏழாம் மாசம்', 'எட்டாம் மாசம்'. அவங்க ஊரே அப்படித்தான். அழகான பேர் இருக்கும்போது எண்ணச் சொல்றது, சிறையில கைதியக் கூப்பிடற மாதிரி. எத்தன தடவ சொல்லியிருக்கேன். குழந்தைக்கும் அந்தப் பழக்கந்தான் முதல்ல தொத்திச்சு." அவர் முகம் சற்றே இளகிற்று. "இப்பப் பாரு, பேரோட சொல்றா. அழகா, முழுசா. நான் சொல்லிக் குடுத்தது அவளுக்குள்ள கிடந்திருக்கு."

ஹெத்விகா அடுப்புப் பக்கம் திரும்பினாள். அண்ணனின் முகத்தில் அப்படியொரு நிறைவை அவள் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. அதை ஓர் எழுத்துக்காகக் கலைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

அடுத்து வந்த நாள்களில் வேலை ஓடிற்று. காரின் பிரேக் கட்டைகளை மாற்றினார்கள். ஹெத்விகா தனக்கு ஒரு நீலநிற உடை தைக்கக் கொடுத்தாள். லுபோர் தம் பழைய கறுப்புக் கோட்டை அணிந்து, தங்கையின் கையைத் தம் கையில் கோத்துக்கொண்டு, நடைக்கூடத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை நடந்து பழகினார். "மெதுவா நட அண்ணா, கல்யாணப் பொண்ணு நீ இல்ல," என்றாள் அவள். சுவரிலிருந்த கண்ணாடியில் தம்மைப் பார்த்தபோது, அந்த மனிதரின் கையைப் பிடித்து நடக்க எந்தப் பெண்ணுக்கும் விருப்பம் வராது என்று அவருக்குத் தோன்றிற்று.

ஜூலையின் இரண்டாம் சனிக்கிழமை. முற்பகல். ஹெத்விகா ஆப்ரிகாட் கொழுக்கட்டைக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். லுபோர் வழக்கம்போல் வரைபடத்தின் முனையில் கையை வைத்துக்கொண்டு, ஐந்தாம் படகுக்கும் ஆறாம் படகுக்கும் இடையே எங்கே தங்குவது என்று பார்த்துக்கொண்டிருந்தார். தொலைபேசி ஒலித்தது.

"அப்பா!" மிர்தாவின் குரல். பின்னால் பெருங்கூச்சல், கார்களின் ஊதல், யாரோ பாடுவது, காற்று. "அப்பா, எந்தப் படகுல வரீங்க?"

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவளே கேட்கிறாள். தொண்டையைச் செருமிக்கொண்டு, மனப்பாடம் ஒப்பிப்பதுபோல் தொடங்கினார். "முதல்ல ப்ரெஸ்தோவா. அதுல விடியக்காலைப் படகுதான் நல்லது. அப்புறம் க்ர்க்கிலேர்ந்து ராப்புக்கு—"

"இல்லப்பா, அது தெரியும். இப்ப எங்க இருக்கீங்க? கோர்ச்சுலாப் படகு வந்தாச்சு. கார் எல்லாம் இறங்கிடுச்சு. ஒவ்வொரு வண்டியா எட்டிப் பார்த்துட்டேன். உங்களக் காணோம்."

"நான் வீட்ல இருக்கேன்."

"எந்த வீட்ல?"

பின்னாலிருந்து ஓர் ஆண்குரல் உரக்கக் கத்திற்று. "வழியில வண்டிய நிறுத்தி டப்பா திறந்திருப்பாரு உங்கப்பா! கரண்டி தேடறாரோ என்னமோ!" கூட்டம் சிரித்தது. மிர்தாவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு முடியும்வரை லுபோர் பேசவில்லை. அது முடியாமலிருந்தால் நன்றாயிருக்கும் என்று நினைத்தார்.

"மிர்தா," என்றார். "பிர்னோவுல இருக்கேன். சமையலறையில."

"இன்னைக்குப்பா," என்றாள் அவள், விளங்காதவளைப்போல. "இன்னைக்குத்தான்."

"நீ ஸ்ர்பான்னு சொன்னே."

"ஆமா. ஸ்ர்பான். ஏழாம் மாசம்."

தொலைபேசியைப் பிடிக்க இரண்டு கைகளும் வேண்டியிருந்தன. வரைபடத்தின் முனை மெல்லச் சுருண்டு தீவின்மேல் புரண்டது. ஹெத்விகா மாவுக் கையோடு அப்படியே நின்றாள்.

தெற்கே வெயில் முந்திக்கொள்ளும். கதிர் முன்னதாகவே பழுக்கும். அரிவாளை அங்கே ஒரு மாதம் முன்னதாக எடுப்பார்கள். வேர் ஒன்று, பொருள் ஒன்று, வெயில் மட்டும் வேறு. எந்தக் கடைநிலை மாணவனுக்கும் விளங்கக்கூடிய அந்தக் காரணம், அந்த நொடியில், முழுமையாக, பிழையின்றி அவருக்கு விளங்கிற்று.

"எங்களுக்கு அது எட்டாம் மாசம்," என்றார். வாழ்நாளில் முதன்முறையாக மாதத்தை எண்ணால் சொன்னார். "மிர்தா, எங்க மொழியில அது எட்டாம் மாசம். ஆகஸ்டு. நான் அப்படித்தான்—"

அந்தப் பக்கத்தில் ஊதல் ஒலி நின்றுவிட்டிருந்தது. காற்று மட்டும் கேட்டது.

"இங்க யாரும் அந்தப் பேரச் சொல்ல மாட்டாங்கப்பா," என்றாள் மிர்தா. "நானும் சொல்ல மாட்டேன். ஏழாம் மாசம்னுதான் எல்லாரும் சொல்லுவோம். சின்ன வயசுல அப்படிச் சொன்னா உங்களுக்குக் கோவம் வரும். அதனாலதான் அன்னைக்குப் பேரச் சொன்னேன். கூப்பிடறதுக்கு முன்னாடி பத்து தடவ சொல்லிப் பார்த்துக்கிட்டேன், தப்பு வந்துடக் கூடாதுன்னு."

"தெரியாம நடந்துபோச்சும்மா. வார்த்தைய நான்தான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்."

 மிர்தாவின் குரலில் ஏளனமில்லை, கோபமில்லை. எல்லாரும் அறிந்த ஒன்றை எடுத்துச் சொல்லும் குரலாயிருந்தது.

"நீங்க வார்த்தையில தப்பு விட மாட்டீங்களேப்பா."

"மிர்தா—"

"வர இஷ்டம் இல்லேன்னா அப்பவே இல்லேன்னு சொல்லியிருக்கலாம். அந்தச் சொல்லுல தப்பே வராது. மாமா, இதப் பிடிங்க."

"ஹலோ, வாத்தியாரே," என்றது குஸ்மாவின் குரல். கூட்டத்தைச் சிரிக்க வைத்த அதே குரல்தான். இப்போது தணிந்திருந்தது.

"குஸ்மா, இப்பவே கிளம்பறேன். நெடுஞ்சாலையில வரேன். நாளைக்கு வந்து சேர்ந்துடுவேன். ஒரு நாள், ஒரே நாள் தள்ளி வைக்க முடியாதா?"

"எப்படி முடியும்? பாதிரியார் பக்கத்துத் தீவுலேர்ந்து வந்திருக்காரு, சாயங்காலப் படகுல திரும்பணும். ஆடெல்லாம் நெருப்புல சுத்திக்கிட்டிருக்கு. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க காலையிலேர்ந்து வாசல்ல நிக்கறாங்க, அப்பா வந்தப்புறந்தான் வெளியில வருவேன்னு அவ நிக்க வெச்சிருந்தா. அப்புறம் அவளே துறைக்கு ஓடியாந்துட்டா." கொஞ்சம் நிறுத்தினான். "வாத்தியாரே, நிஜமாவே வார்த்தைதான் மாறிப்போச்சா?"

"நிஜமா."

"நான் நம்பறேன். நான் படிக்காதவன், எத வேணா நம்புவேன். அவ நம்ப மாட்டா."

"அவ கைய யார் பிடிச்சுக்கிட்டுப் போவா? வீன்காவா?"

"அக்காவையும் வேண்டாங்கறா. நான் ஊர்வலத்துக்கு முன்னால கல்யாணக் கொடி பிடிக்கணும். தனியா நடப்பேங்கறா." அப்போது காற்று பலமாக அடித்தது, துணி படபடத்தது. "கொடி பிடுங்கிக்கிட்டுப் போகுது, ரெண்டு கையும் வேணும். இருங்க, வாத்தியாரே, இருங்க..."

தொலைபேசி எதிலோ விழுந்த ஓசை கேட்டது. அணைக்க மறந்து சட்டைப் பையில் போட்டுவிட்டான்.

இருங்க என்று சொல்லியிருந்தான். லுபோர் இருந்தார். துணி உரசும் ஓசை. அதற்கு அப்பால் காலடிகள். கருங்கல் படிகளில் பலர் ஏறுகிறார்கள். கார்கள் ஊதின. ஆண்கள் குரலெடுத்துப் பாடத் தொடங்கினார்கள். ஒருத்தி ஏதோ கத்த, மற்றவர்கள் கைதட்டினார்கள். குஸ்மாவின் நெஞ்சு மேடேறும் களைப்பில் ஏறி இறங்குவதும் கேட்டது. பையின் துணி எல்லாவற்றையும் கலக்கி, பாட்டு எது, பேச்சு எது, காற்று எது என்று பிரிக்கவொட்டாமல் செய்தது. நடுவில் ஒரு பெண்குரல், அருகில், இரண்டு மூன்று சொற்கள் சொன்னது. மிர்தாவாக இருக்கலாம். அவர் காதைத் தொலைபேசியோடு அழுத்திக்கொண்டார். பெயர்ச்சொல்லா, வினைச்சொல்லா என்றுகூடத் தெரியவில்லை.

பிறகு மணி அடித்தது. கோயில் மணிதான், அதை மட்டும் எந்தத் துணியாலும் மறைக்க முடியவில்லை.

ஹெத்விகா கையைக் கழுவாமலே வந்து அருகில் உட்கார்ந்தாள். மாவு காய்ந்து விரல்களில் வெடித்திருந்தது. அண்ணனின் முழங்கையைத் தொட்டாள்.

"என்ன சொல்றாங்க?"

லுபோர் தொலைபேசியை மறுகாதுக்கு மாற்றினார். ஏதேனும் ஒரு சொல், ஒரே ஒரு சொல், தெளிவாக வந்து விழாதா என்று கண்களை மூடிக்கொண்டு கேட்டார். மணியோசை நின்றது. கதவுகள் சாத்தப்படுவதுபோல் ஓர் ஓசை. பிறகு வெறும் துணியின் உரசல்.

"புரியல," என்றார். "அவங்க பேசறது எனக்குப் புரியல."